சாட்சிக்கெண்டு வைச்ச கையெழுத்து

கொழும்பு 6

என்ர மாலா,

உன்ர வாய்ஸ் மெசேஜை மூண்டு தரம் கேட்டிட்டன். வாட்ஸ்அப்பில நாலு வரி தட்டி முடிக்கிற விஷயமில்லை, அதான் ஆறுதலா இருந்து எழுதுறன். அம்மான்ர முழங்கால் ஒபரேஷன் நல்லபடியா முடிஞ்சது பெரிய நிம்மதியடி, நடக்கத் தொடங்கினதும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. இங்க எல்லாரும் சுகம், மூத்தவன் ஓஎல் எழுதிப்போட்டு ரிசல்ட் எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறான்.

மனேஜ்மென்ட் ஃபக்கல்டியில இருந்துகொண்டு சட்டத்தில என்னத்தை ஆராயிறாய் எண்டு கேட்டனி. எங்கட பிள்ளையள் நாளைக்கு பேங்கிலயும் லீசிங் கம்பனியிலயும் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கப்போற பிள்ளையள், பத்திரத்தை நீட்டி இதில கையெழுத்து வையுங்கோ எண்டு சொல்லப்போறதே அவைதான், அதால கொமர்ஷல் லோ படிப்பிக்கிறது லோ ஃபக்கல்டியை விட இங்கதான் முக்கியம் எண்டு எனக்கு ஒரு எண்ணம்.

நான் இப்ப பாக்கிறது பிணை. ஆள்பிணை நிக்கிற, அதாவது கடன் வாங்கினவன் கட்டாட்டி நான் கட்டுவன் எண்டு கையெழுத்து வைக்கிற ஆக்களின்ர நிலைமை. இது எங்க இருந்து வந்ததெண்டு உனக்குச் சொல்லத்தானே வேணும். கொட்டாஞ்சேனை மாமாவைத் தெரியுமெல்லோ, ஹாட்வெயார் கடையில ஸ்டோர் பாத்தவர், நாங்கள் ஏஎல் படிக்கேக்க ஞாயிறு ஞாயிறு கொத்து ரொட்டி கட்டிக்கொண்டு வருவார். அவர் பக்கத்து வீட்டுப் பெடியன் லொறி எடுக்க ஒரு லீசிங் கம்பனியில பிணை நிண்டவர். பெடியன் ஒரு வருசம் கட்டினான், பிறகு ஆளும் இல்லை லொறியும் இல்லை. மாமாவுக்கு கோர்ட்டில இருந்து கடதாசி வந்தது, அவர் அதை ஏதோ நோட்டீஸ் எண்டு நினைச்சு சாமிப்படத்துக்குப் பின்னால செருகி வைச்சிட்டார். நான் எடுத்துப் பாக்கேக்க தவணை முடிஞ்சுது. அவற்ர ஈபிஎஃப் காசில பெரும்பகுதி அதுக்கே போட்டுது மாலா. "நான் சாட்சிக்குத்தானே பிள்ளை கையெழுத்து வைச்சனான்" எண்டு திரும்பத் திரும்பச் சொன்னார், அந்தக் குரல் இப்பவும் என்ர காதுக்குள்ள நிக்குது.

அந்தப் பத்திரத்தின்ர கொப்பியை வாங்கிப் பாத்தன். நாலு பக்கம், முழுக்க இங்கிலீஷ், கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில பென்சிலால ஒரு சின்னப் புள்ளடி, அதுக்கு மேல மாமான்ர வடிவான தமிழ்க் கையெழுத்து. மூண்டாம் பக்கத்தில ஒரு வசனம், பிணைகாரர் தனக்குச் சட்டத்தில உள்ள சலுகையளைக் கைவிடுறார் எண்டு, அந்தச் சலுகையின்ர பேர் இங்கிலீஷிலகூட இல்லை, லத்தீன்: பெனிஃபிசியம் ஓர்டினிஸ் சியூ எக்ஸ்கஷனிஸ். அர்த்தம் என்னெண்டா, முதல்ல கடன் வாங்கினவனைப் பிடி, அவனிட்டை ஒண்டும் கிடைக்காட்டி பிறகு என்னட்டை வா எண்டு பிணைகாரர் சொல்லக்கூடிய உரிமை. இது ரோமச் சக்கரவர்த்தி ஜஸ்டினியன் 535இல குடுத்தது, டச்சுக்காரர் கொண்டு வந்த ரோமன் டச்சுச் சட்டத்தோட எங்கட நாட்டுக்கும் வந்தது. மாமாவுக்கு அப்பிடி ஒரு உரிமை இருந்ததே தெரியாது, தெரியாமலே அதைக் கைவிட்டிருக்கிறார். நான் இதுவரைக்கும் சேத்த பத்திரங்களில இந்த வசனம் ஏதோ ஒரு வடிவத்தில வராத பத்திரம் கையில அம்பிடேல்ல.

இதுக்கு மேல 1990ஆம் ஆண்டு 2ஆம் இலக்க கடன் அறவிடல் சட்டம் இருக்கு. வழக்குப் போட்டவுடனயே கடதாசியளைப் பாத்து நீதிமன்றம் டிக்ரீ நைசை எண்டு ஒண்டைக் குடுக்கும், எதிராளி தவணைக்குள்ள காரணம் காட்டாட்டி நிரந்தரமாகிற இடைக்காலத் தீர்ப்பு அது, எதிர்த்துக் கதைக்கிறதுக்கே முதல்ல அனுமதி எடுக்கவேணும், காசைக் கட்டவோ, அந்தக் காசுக்கு ஈடு வைக்கவோ, இல்லாட்டி விசாரிக்கவேண்டிய பிரச்சினை ஒண்டு உண்மையா இருக்கெண்டு சத்தியக்கடதாசியில காட்டவோ வேணும். சாமிப்படத்துக்குப் பின்னால இருந்தது அந்தக் கடதாசிதான். பேங்குக்கு காசு கெதியா திரும்பி வரவேணும், அது விளங்குது, வராட்டி நாளைக்கு ஒருத்தருக்கும் லோன் குடாங்கள். ஆனா அவ்வளவு கெதியா ஓடுற சட்டம் எண்டா கையெழுத்து வைக்கிற மனுசனுக்கு முன்னமே விளங்கப்படுத்தியிருக்கவேணும், அதுதான் என்ர வாதம்.

இப்ப நான் இரவிரவா யோசிக்கிற இடத்துக்கு வாறன். எங்கட 1852ஆம் ஆண்டு 5ஆம் இலக்க சிவில் சட்டக் கட்டளைச் சட்டம், 3ஆம் பிரிவு, வங்கி, பங்குடைமை, கூட்டுத்தாபனம், முகவர், காப்புறுதி இதுகளுக்கு அந்தந்தக் காலத்தில இங்கிலாந்தில என்ன சட்டமோ அதுதான் இங்கயும் எண்டு சொல்லுது. இங்கிலாந்தில 2001இல, அந்த நேரம் அங்க ஆக உயர்ந்த நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை எட்றிட்ஜ் வழக்கில ஒரு தீர்ப்புக் குடுத்தது. புருஷன்ர கடனுக்கு மனிசி பிணை நிண்டா, இல்லாட்டி வியாபாரத் தொடர்பில்லாத ஆர் நிண்டாலும், பேங்க் அந்த ஆளோட நேரடியாக் கதைச்சு ஒரு லோயரிட்டை அனுப்பவேணும், லோயர் மற்ற ஆள் பக்கத்தில இல்லாமல் தனிய இருத்தி சாதாரண பாஷையில விளங்கப்படுத்தவேணும். அப்ப 1852இன்ர அந்தக் கதவுக்குள்ளால 2001 உள்ளுக்கு வரலாமோ? பிணை எண்டது ரோமன் டச்சுச் சட்டம், வங்கிச் சட்டமில்லை எண்டு மற்றப்பக்கம் சொல்லுவினம். வரலாம் எண்டுதான் நான் எழுதிக்கொண்டிருக்கிறன். சாதாரண பாஷை எண்டா மாமாவுக்கு அது தமிழ், அதையும் சேத்து எழுதுறன்.

இதில நீ எனக்கொரு உதவி செய்யவேணும். எங்கட 2007ஆம் ஆண்டு கம்பனிச் சட்டமே உங்கட நியூசிலாந்தின்ர 1993 சட்டத்தைப் பாத்துச் செய்ததுதான், அதால அங்க பாக்கிறது எங்களுக்குப் புதுப் பழக்கமில்லை. அங்க கடன் குடுக்கிறவை பிணைகாரருக்கும் பொறுப்பு எண்டு 2015 ஜூனில இருந்து சட்டம், அந்த ஆள் கஷ்டப்படாமல் கட்டுவாரோ எண்டு விசாரிக்கவேணும், விளங்கி முடிவெடுக்க உதவவேணும். சட்டத்தை நான் வாசிச்சிட்டன், எனக்கு வேண்டியது பத்திரம். உன்ர கிளையன்ட்ஸ் ஆரும் பிணை நிண்டிருந்தா பேரையும் கணக்கையும் மறைச்சுப்போட்டு அந்த ஃபோர்மை ஸ்கேன் பண்ணி அனுப்பேலுமோ, என்னண்டு விளங்கப்படுத்தியிருக்கினம் எண்டு பாக்கவேணும். ஆக்லண்ட் யூனிவர்சிட்டி பிஸ்னஸ் ஸ்கூலில கொமர்ஷல் லோவுக்கெண்டே தனி டிபார்ட்மென்ட் இருக்கு, அவைக்கும் நான் ஈமெயில் போடத்தான் போறன்.

போன கிழமை மாமாவைப் பாக்கப் போனனான். பத்திரத்தின்ர அந்த மூண்டாம் பக்கத்தை ஒரு பக்கத் தமிழில எழுதிக்கொண்டுபோய் வாசிச்சுக் காட்டினன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு திருப்பி வாசிக்கச் சொன்னார், பிறகு "இப்பிடி ஆரும் சொல்லியிருந்தா வைச்சிருக்கமாட்டன் பிள்ளை" எண்டார். அந்த ஒரு பக்கத்தை இதோட வைச்சிருக்கிறன், நீ வாசிச்சுப்போட்டு எங்க விளங்கேல்ல எண்டு கோடு போட்டு அனுப்பு.

அம்மாவைக் கேட்டதாச் சொல்லு.

உன்ர
சுகந்தி