நெற்களத்தை ஆடுகளமாக்கித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடைய ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

மாசி மாத நினைவுக் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டி இரண்டு நாளும், ஒருவருக்கும் கால் பிசகாமல் நல்லபடியாக நடந்து முடிந்தது. யார் யார் கை பட்டு அது நடந்தது என்பதை ஊரறியச் சொல்லவே இந்த மடல். அடுத்த வருஷம் பொறுப்பேற்கப்போகும் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால், வேலை நடந்த விதத்தையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதல் நன்றி நெல் காயப்போட்டிருந்த குடும்பங்களுக்கு. காவிரிப் படுகையில் தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், வெயில் படுகிற சிமெண்டுத் தளமெல்லாம் களம்தான். நம் பந்துத் திடலும் அப்படியே. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். மெஷின் அறுத்த நெல் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு நாள் வெயிலை விட்டுக்கொடுப்பது சின்ன விஷயமில்லை. நீங்களோ நான்கு நாள் முன்பே நெல்லை அள்ளிக் கோயில் திடலுக்கு மாற்றிக்கொண்டீர்கள். மண்தரையில் விரித்த தார்ப்பாயில் அடிநெல் வியர்த்துவிடும். அரை மணிக்கு ஒரு தரம் காலால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். பனி இறங்குமுன் குவித்து மூடிவிட வேண்டும். சிமெண்டுத் தளத்தில் இத்தனை பாடு கிடையாது. இந்தக் கூடுதல் உழைப்பை நாங்கள் மறக்க மாட்டோம்.

நெல் அள்ளிய தளம் பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும். உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தால்தான் தெரியும், நெல்லின் மேலிருந்து உதிரும் சுனைத் தூசி மாவு மாதிரி ஒட்டும். ஓடிவந்து சட்டென்று காலை ஊன்றித் திரும்பும்போது வழுக்குவது இதனால்தான். மகளிர் குழு அக்காமார் தென்னந்துடைப்பத்தால் காற்று போகும் திசையிலேயே இரண்டு தரம் பெருக்கினார்கள். பிறகு மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சி, நார்த் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினார்கள். காலை பத்து மணிக்குள் இந்த வேலை முடிந்தால்தான் மாலை ஆட்டத்துக்குத் தளம் உலர்ந்திருக்கும். சோப்புத்தூள் போடவே கூடாது. அலசினாலும் கொஞ்சம் தங்கிவிடும். இரவு பனி பட்டதும் வழவழவென்று ஆகிவிடும்.

கோடு போட்டுக் கொடுத்த கொத்தனார் அண்ணனுக்கு நன்றி. நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர் என்று அளந்ததோடு அவர் விடவில்லை. மூலைக்கு மூலை குறுக்கே பிடித்து, இரண்டு பக்கமும் 31.76 மீட்டர் வருகிறதா என்று பார்த்த பிறகே நூலடித்தார். பழைய கோடு கோணலாக இருந்தது அப்போதுதான் தெரிந்தது. மூன்று புள்ளி வளைவுக்கு (அதற்கு வெளியே நின்று பந்தைப் போட்டால் மூன்று புள்ளி) கயிறு கட்டினால் இழுபட்டு நீண்டுவிடும் என்று கம்பியைக் கட்டினார். வளையத்தின் நடுவுக்கு நேர்கீழே, கோடி எல்லைக் கோட்டிலிருந்து 1.575 மீட்டர் உள்ளே ஆணி; அங்கிருந்து வளைவின் வெளிவிளிம்புக்கு 6.75 மீட்டர். பெயிண்டில் சலித்த பொடிமணல் கலந்ததும் அவர் யோசனைதான்.

வெல்டிங் பட்டறைத் தம்பிக்கு இரட்டை நன்றி. தளத்தின் மேல் இரண்டு அங்குலம் புதுப்பூச்சு போட்டதில், வளையத்தின் உயரம் சத்தமில்லாமல் மூன்று மீட்டருக்கு இறங்கியிருந்தது. இருக்க வேண்டியது 3.05. தாங்கியைக் கழற்றி ஐந்து சென்டிமீட்டர் மேலே ஏற்றி, ரசமட்டம் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். ஐப்பசி கார்த்திகை மழையில் ஓரம் உப்பிப்போன, வளையத்துக்குப் பின்னால் நிற்கும் பலகையையும் மாற்றியாயிற்று. எட்டடிக்கு நான்கடி மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) ஒன்றில் 1.80க்கு 1.05 மீட்டர் பலகை ஒன்று வரும். வெட்டிய ஓரத்துக்கு இரண்டு கோட்டு பிரைமர் அடிக்காவிட்டால் அடுத்த மழையிலும் அதே கதிதான்.

கூடைப்பந்து 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்காலத்தில் கூரைக்குள் ஆடுவதற்கென்றே ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த ஆட்டம். நமக்குக் கூரை வானம்தான். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இருட்டிக் கொஞ்ச நேரத்தில் முதலில் நனைவது பெயிண்ட் அடித்த கோடுதான். வெறும் சிமெண்டு ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், பெயிண்ட் உறிஞ்சாது. இதற்கு மருந்தாக வந்தவை நீங்கள் கொடுத்தனுப்பிய பழைய வேட்டிகள். புது வேட்டியில் கஞ்சி இருக்கும், தண்ணீரைத் தள்ளும். நூறு தரம் துவைத்து நைந்த பருத்திதான் பனியைக் குடிக்கும். எட்டு முழம் என்றால் ஏறக்குறைய 3.6 மீட்டர். நான்காய் மடிக்காமல் முழு நீளத்துக்கு விரித்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தால், ஐந்து இழுப்பில் தளம் முழுவதும் துடைபட்டுவிடும். ஆட்ட இடைவேளைகளில் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் இதைச் சளைக்காமல் செய்தார்கள். வேட்டிகளில் பல, இன்று இல்லாத தாத்தாமார் கட்டியவை. ஒன்றின் ஓரத்தில் வண்ணான் குறி அப்படியே இருந்தது. பெட்டியில் பத்திரமாய் மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்த ஆச்சிமாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

விளக்கைப் போட்டதும் வயலிலிருந்து தத்துப்பூச்சி, புகையான் என்று நெற்பயிர்ப் பூச்சிகள் படையெடுக்கும். மிதிபட்டால் அதுவும் வழுக்கும். வேளாண் துறையில் வேலை பார்க்கும் அண்ணன், திடலுக்கு ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு பல்பும், அதன் கீழே மண்ணெண்ணெய் சில சொட்டு விட்ட தண்ணீர்த் தொட்டியும் வைத்தார். திடல் விளக்குக்கு அரை மணி முன்பே அதைப் போட்டுவிட வேண்டும். பாதித் தொல்லை அங்கேயே அடங்கிவிட்டது. கடலோரச் சம்பந்தி வீடுகளிலிருந்து வந்த பழைய மீன்வலையை மூன்று மீட்டர் உயரத்துக்குக் கட்டியதால், இலை விட்டு நிற்கும் உளுந்துக்குள் பந்தும் போகவில்லை, பின்னாலேயே காலும் போகவில்லை. பந்தில் காற்றைக் காலையிலும் மாலையிலும் தனித்தனியே பார்த்த உடற்கல்வி ஆசிரியருக்கும் நன்றி. மதியம் எட்டு பவுண்டு அழுத்தத்துக்குக் காற்று ஏற்றிய பந்து விடிகாலைக் குளிரில் ஏழுக்குப் பக்கம் வந்துவிடும்.

வேலி ஓரம் மாட்டியிருந்த பழைய ஆட்டக்காரர்களின் படங்கள் நீங்கள் வீட்டுச் சுவரிலிருந்து இறக்கிக் கொடுத்தவை. வெறுங்காலோடு நிற்கும் அப்பாவைப் பேரனுக்குக் காட்டிப் பலர் நெடுநேரம் நின்றார்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்களைப் பிய்க்காமல், கண்ணாடியோடே வைத்து, சற்றுச் சாய்வாக வெளிச்சம் விழும்படி நகல் எடுத்த ஸ்டுடியோக்காரருக்கு நன்றி. பிய்த்திருந்தால் முகம் கண்ணாடியோடு போயிருக்கும்.

சுக்குமல்லிக் காபி எப்படி அந்தப் பதத்தில் வந்தது என்று வெளியூர் அணியினர் கேட்டார்கள். பெரியம்மா சொன்ன கணக்கு: நூறு பேருக்குப் பதினொரு லிட்டர் தண்ணீர், சுக்கு நூறு கிராம், வறுத்த மல்லி இருநூறு, மிளகு இருபத்தைந்து, கருப்பட்டி ஒன்றேகால் கிலோ. கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், அடியில் மண் நிற்கும்.

வேட்டிகளைத் துவைத்து உலர்த்தி, வீட்டுப் பெயர் எழுதிய சீட்டோடு நூலகத் திண்ணை அலமாரியில் வைத்திருக்கிறோம். படங்களும் அங்கேதான் இருக்கின்றன. மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளலாம். வேட்டியை அடுத்த மாசிக்கும் இருக்கட்டும் என்பவர்கள் சீட்டில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், வேப்பிலை போட்டுக் கட்டி வைப்போம்.

நன்றியுடன்,
கூடைப்பந்து விளையாட்டுக் குழுவினர்