கொழும்பு வானொலியை மறந்துவிட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தனியார் பண்பலை பற்றி எழுதுகிறவர்கள் பலர், விளம்பரத்தோடு பாட்டு ஒலிபரப்புவது 2001-க்குப் பிறகு வந்த புதுமை என்றே நினைக்கிறார்கள். இலங்கையின் கொழும்பு வானொலியில் அது 1950-லேயே தொடங்கிவிட்டது. 1925-ல் பிறந்த அந்த நிலையத்துக்கு, உலகப்போரின்போது நேச நாட்டுப் படையினருக்காக நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்புக் கருவிகள் பிறகு கைமாறி வந்தன. அதனால்தான் கடல் தாண்டியும் கேட்டது.

1952-ல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் கிட்டத்தட்ட ஒதுக்கியே வைத்தது. நேயர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்பு பக்கம் திருப்பினார்கள். 1957-ல் அகில இந்திய வானொலியின் பாட்டுச் சேவையான விவித பாரதி பிறந்ததே அந்த இழப்பைச் சரிக்கட்டத்தான்.

எனக்கு இன்றும் நினைவில் நிற்பது அறிவிப்பாளர்களின் பண்பு. படம், பாடியவர், பாட்டெழுதிய கவிஞர், இசையமைப்பாளர் என்று ஒருவரையும் விடாமல் சொல்லிவிட்டுத்தான் இசைத்தட்டைச் சுழல விடுவார்கள். அலை மங்கிக் கரகரக்கும். காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்து, கவிஞர் பெயரைப் பிடித்துவிடுவோம். கொழும்பு அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலை எந்த இரைச்சலும் மறைத்ததில்லை! இன்றைய நிலையங்களில் பாட்டெழுதியவர் பெயரைக் கேட்பதே அரிதாகிவிட்டது, மனம் வலிக்கிறது.

அந்நாளில் வீட்டில் ஒலிநாடாவில் பதிந்து வைத்தவர்கள், நாடா பூஞ்சை பிடிக்கும் முன் கணினிக்கு மாற்றித் தரவேண்டும். பல்கலைக்கழகங்களின் இதழியல் துறைகள் அவற்றைப் பெற்றுப் பாதுகாக்க முன்வர வேண்டும்.

– ஒரு பழைய நேயர்