கொய்யாவுக்கு ஒரு வாரம் வாங்கித் தாருங்கள்

மதிப்பிற்குரிய தோட்டக்கலை அதிகாரிகளுக்கு,

வணக்கம். பழனி பக்கத்து ஆயக்குடிச் சந்தையில் வரத்து கூடினால் கொய்யா விலை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த முறையும் அதுதான் ஆனது.

விடியுமுன் பறித்துக் கொண்டுவருகிறோம். வியாபாரி சொல்லும் விலை பறிப்புக் கூலிக்கே காணாது. கட்டாது என்றால் அவர் பேரம்கூடப் பேசுவதில்லை, "டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று போய்விடுகிறார். திரும்பி வரும்போது இன்னும் குறைத்துக் கேட்கிறார். பறித்த கொய்யா வெளியில் 3, 4 நாளுக்கு மேல் தாங்காது என்பது அவருக்கும் தெரியும். பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோய் நான் என்ன செய்வது?

பூச்சுப் பயிற்சிக்குக் கூப்பிட்டீர்கள், வந்தோம். சோற்றுக்கற்றாழைக் கூழிலோ, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் கரைசலிலோ பழத்தை முக்கி உலர்த்தினால் மெல்லிய படலம் பிடிக்கும், ஈரம் போவது குறையும், பழம் மூச்சுவிடுவது மெதுவாகும், பழுப்பதும் தள்ளிப்போகும் என்றீர்கள். நன்றாகவே புரிந்தது. சான்றிதழ் கொடுத்தீர்கள், சாப்பாடும் குறைசொல்ல முடியாது. பூச்சு மட்டும்தான் இன்னும் வரவில்லை.

"வீட்டிலேயே செய்யுங்கள்" என்கிறீர்கள். கூழ் கெட்டியாகிவிட்டால் காற்றுப் போகாமல் பழம் உள்ளே புளித்துவிடும். ஈரம் காயாமல் அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும். 50 பெட்டிப் பழத்தை அண்டாவில் முக்கி எங்கே காயவைக்க, களத்து வெயிலிலா? அதனால்தான் சந்தையிலேயே கழுவி, பூசி, மின்விசிறியில் உலர்த்தித் தரும் ஒரு பொதுக்கூடம் கேட்கிறோம். இலவசமாக வேண்டாம், பெட்டிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வாஷிங்டன் ஆப்பிளுக்கு இந்தத் தொல்லை இல்லை. இயற்கையாக இருந்த மெழுகு கழுவும்போது போய்விட்டால், கார்னோபா என்னும் பனையிலை மெழுகோ அரக்கு மெழுகோ பூசிக் கப்பலேற்றி விடுகிறார்கள். பழனிக் கடையில் மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. நம் உணவுப் பாதுகாப்பு விதியும் தேன்மெழுகு, கார்னோபா, அரக்கு மெழுகு மூன்றையும் லேபிளில் சொல்லிவிட்டுப் பூசலாம் என்கிறது. (அந்த லேபிளை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை, அது வேறு கதை.) அரக்கு நம் ஜார்க்கண்டிலேயே விளைகிறது. கொய்யாதான் உள்ளூரில் பிறந்த பாவத்துக்குச் சாலையோரம் கொட்டப்படுகிறது. கொட்டியதைப் படமெடுக்க மட்டும் எல்லோரும் வந்துவிடுகிறார்கள்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வரத்து கூடுமுன் சந்தையில் அந்தக் கூடத்தை அமைத்துத் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒரு வாரம் பழம் நின்றால் போதும், விலையை நாங்கள் பேசிக்கொள்கிறோம். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கொய்யா விவசாயி