மேடையின் உயரம்

குடியாத்தம்,
ஆனி 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், பாதிப் பேச்சில் போனையும் வாங்கிக்கொள்கிறாள். அதனால்தான் கடிதம். வைகாசிக்குள் முடிந்துவிடும் என்று சொன்ன சமையலறை ஆனி பிறந்தும் ஏன் முடியவில்லை என்று நீ மூன்று முறை கேட்டுவிட்டாய். பணம் அனுப்பியவள் கேட்கத்தான் வேண்டும். செலவுக் கணக்கைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். இது கணக்கில் வராத சங்கதி.

முதல் தாமதம் உன் தாத்தாவால் வந்தது. பின்கட்டில் அவருடைய தறிக் கொட்டகை இருந்த இடத்தில்தானே கட்டுகிறோம். ஓட்டை இறக்கி, மரத்தைப் பிரித்து அடுக்கிய பிறகுதான் நெய்கிறவர் காலை இறக்கி உட்காருகிற தறிக்குழியின் ஞாபகமே எனக்கு வந்தது. தறியை விற்றபோது உடைந்த ஓடு, சாம்பல், கந்தல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் குழியில் கொட்டி மேலே சிமெண்டு பூசிவிட்டோம். மேஸ்திரி கடப்பாரையால் ஒரு குத்துக் குத்தினார். முழங்கை ஆழத்துக்கு இறங்கியது. “இதன்மேல் கட்டினால் ஒரே மழைக்காலத்தில் தரை உட்கார்ந்துவிடும் சார்” என்றார். கொட்டியதையெல்லாம் அள்ளி எடுத்துவிட்டு, கிராவல் மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து நிரப்பவே ஐந்து நாள் ஆனது. குப்பைக்கு அடியில் ஒரு நாடா கிடைத்தது, தறியில் ஊடுநூலை இப்படியும் அப்படியும் கொண்டுபோகுமே அந்தக் கட்டை. முனை இரும்பு துருவேறி, உள்ளே நூல் சுற்றுகிற தாரில் நூல் மட்கி ஒட்டிக்கொண்டிருந்தது. கைலி நெய்த நாடா. அதைத் துடைத்து என் மேசையில் வைத்திருக்கிறேன்.

புதுச் சுவரைப் பழைய சுவரோடு பல் கோத்துக் கட்டவில்லை என்று உன் சித்தப்பா சத்தம் போட்டார். மேஸ்திரி சொன்னதுதான் சரி என்று எனக்குப் பட்டது. பழைய வீடு எப்போதோ உட்கார்ந்து அடங்கிவிட்டது. புதுச் சுவர் இனிமேல்தான் கொஞ்சம் இறங்கும். இரண்டையும் பிணைத்தால், இறங்குகிற சுவர் நிற்கிற சுவரை இழுத்து விரிசல் விட வைக்கும். நடுவில் அரை அங்குலம் விட்டுத் தெர்மகோல் வைத்தார்கள். வெளியே அது தெரியாதபடி ஒரு பட்டி அடித்தாகிவிட்டது.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் தளம் போட்டோம். நம் ஊர் வெயில் உனக்கு மறந்திருக்காது, 40 டிகிரிக்குக் குறைந்தால் அன்று குளிர் என்று அர்த்தம். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினால் மாலைக்குள் பாதி காணாமல் போகிறது. காலையிலும் மாலையிலும் நான்தான் ஏறி ஊற்றினேன். தெருக் காக்கைகள் அத்தனையும் நம் சமையலறைத் தளத்தில்தான் குளித்தன. நடுவில் வைகாசி முதல் நாள் வந்தது. கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் இருக்கும்போது குடியாத்தத்தில் எந்தக் கொத்தனார் கரணையைத் தொடுவார்? முன்னும் பின்னுமாக நான்கு நாள் ஆள் வரவில்லை. முட்டுகள் நின்றபடி நின்றன. அதில் நஷ்டமில்லை, கான்கிரீட்டுக்கு நாள் வேண்டியதுதான்.

இனி மேடைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் கடிதமே.

மேஸ்திரி சமையல் மேடைக்கு உயரம் கேட்டார். நான் பழைய சமையலறையில் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, “35 அங்குலம், அதே அளவில் போடுங்கள்” என்றேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. “சமைப்பது யார் சார்? அவர்களைக் கூப்பிடுங்கள்” என்றார். அம்மா உரித்த வெங்காயமும் கையுமாக வந்தாள். வெறுங்காலில் நேராக நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரைக்கும் டேப்பை நீட்டினார். 36 அங்குலம். காய் நறுக்கும் இடம் இதற்கு நாலைந்து அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டுமாம். அடுப்பு வைக்கும் இடம் அதைவிடத் தாழ வேண்டும். அடுப்பே நாலு அங்குலம், அதன்மேல் குக்கர் ஏறினால் அம்மாவின் தோளுக்கு வந்துவிடும். “இத்தனை வருடம் எப்படிம்மா சமைத்தீர்கள்?” என்று கேட்டார்.

அம்மா வாயைத் திறக்கவில்லை. உள்ளே போய்க் காலாலேயே ஒரு மணையைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

அந்த மணை உனக்குத் தெரியும். அதில் உட்கார்ந்துதான் நீ சோறு தின்றாய். பலா மரம், மூன்று அங்குல உயரம். சாப்பிட உட்காருகிற மணை என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அதை வெளிச்சத்தில் பார்த்தேன். உட்கார்ந்து தேய்ந்த மணை நடுவில் தேய்ந்திருக்க வேண்டும். இதில் நடு மேடாக நிற்கிறது. இரண்டு பக்கமும் குதிகால் பட்ட இடம் ஒரு ரூபாய் நாணயம் கிடத்துகிற ஆழத்துக்குக் குழிந்து, எண்ணெய் ஏறிக் கறுத்து, பளபளவென்று இருக்கிறது. இடது பக்கக் குழி கொஞ்சம் கூடுதல் ஆழம். அம்மாவுக்கு இடது முழங்கால்தானே வலி.

உன் ஆயா நல்ல வளர்த்தி. அவர் தன் உயரத்துக்குக் கட்டிக்கொண்ட மேடை அது. வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்த 1989இல்தான் எங்கள் கல்யாணம். புதிதாக வந்த மருமகள் மாமியார் மேடையை இடிக்கச் சொல்ல முடியுமா? சரி, ஆயா போய்ச் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகிறதே, அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று அன்றிரவு கேட்டேன். “மணை இருந்ததே” என்றாள். அதற்குமேல் பேச்சில்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதை மேஸ்திரியிடம் இதுவரை சொல்லிக்கொள்ளவில்லை.

ஆகவே மேடை இப்போது மூன்று உயரம். அடுப்புக்கு 28 அங்குலம், நறுக்குகிற இடம் 31, பாத்திரம் துலக்கும் தொட்டிப் பக்கம் 34. தொட்டியின் அடி பள்ளத்தில் இருப்பதால் விளிம்பு உயர்ந்திருந்தால்தான் குனியாமல் துலக்கலாம் என்பது மேஸ்திரியின் கணக்கு. கருப்புக் கிரானைட்டை மூன்று துண்டாக அறுக்க வேண்டியிருந்தது. கல்லுக்காரர் “படிக்கட்டு கட்டுகிறீர்களா?” என்று சிரித்தார். சிரிக்கட்டும். அடுப்பு மேடை தாழ்ந்துவிட்டதால் சிலிண்டர் அதன் கீழே நுழையவில்லை, பக்கத்து மேடைக்குக் கீழே வைத்தோம். அங்கே கதவு போடவில்லை. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும், அடியில் காற்றோட்டம் வேண்டும்.

நீ படம் அனுப்பிய திறந்த சமையலறை வேண்டாம் என்றதில் உனக்கு வருத்தம் என்று தெரிகிறது. அம்மா காய்ந்த மிளகாய் தாளித்தால் தெருக்கோடியில் தும்முவார்கள், கருவாட்டுக் குழம்பு என்றால் கேட்கவே வேண்டாம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே கதவு உண்டு. சிம்னியும் இப்போதைக்கு இல்லை, வெளியேற்றும் மின்விசிறி போதும். பின்னால் மனம் மாறினால் சுவரை உடைக்க வேண்டாம் என்று 6 அங்குலக் குழாய் ஒன்றைப் பதித்து மூடி போட்டிருக்கிறேன். உன் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை.

அலமாரி விஷயத்தில் ஏமாந்தது என் தப்பு. வேலூரில் ஒரு கடையில் முன்பணம் கொடுத்து, பலகைக் கதவுகள் வந்து இறங்கின. தரையை ஒரே ஒரு முறை ஈரத்துணியால் துடைத்தோம், அடி விளிம்பு நனைந்த பிஸ்கட் மாதிரி ஊதிவிட்டது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. திருப்பி எடுத்துக்கொண்டார்கள், முன்பணத்தில் பாதிதான் கைக்கு வந்தது. இப்போது தட்டுகளுக்குக் கடப்பைக் கல், கதவுக்கு அலுமினியம். கரையானுக்கு அதில் வேலையில்லை. அலுமினியக்காரர் இன்னும் வரவில்லை. ஆனி பிறந்தும் முடியாததற்குக் காரணம் அவர்தான், நான் இல்லை.

பால் காய்ச்சுவது ஆவணியில். ஆனியிலும் ஆடியிலும் கூடாது என்று அம்மா முன்பே சொல்லிவிட்டாள், ஆகையால் அலுமினியக்காரருக்கும் அவகாசம் இருக்கிறது. நாள் பார்த்ததும் எழுதுகிறேன், அதற்குத் தக்கபடி டிக்கெட் போட்டுக்கொள்.

நேற்று அடுப்பைச் சும்மா வைத்துப் பார்த்தோம், பற்றவைக்கவில்லை. அம்மா மேடைக்கு எதிரே போனாள், போன வேகத்தில் வலது காலைத் தூக்கினாள். ஏறுவதற்கு அங்கே மணை இல்லை. கால் ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகத் தரையில் வைத்தாள், அடுப்பின் குமிழைத் தொட்டுப் பார்த்தாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நீ ஆயாவின் வளர்த்தி. புது அடுப்படியில் நின்றால் உனக்கு இடுப்பு ஒடியும் என்று அம்மாவிடம் சொன்னேன். வருடத்தில் பத்து நாள் வருகிறவளுக்காக மேடை கட்ட முடியாதாம். ஆனால் பாத்திரம் துலக்கும் பக்கம் உன் உயரத்துக்கு அச்சாகப் பொருந்தும் என்று எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா