அந்த பழைய ஸ்னோபுளோயர தூக்கிப் போட்டுடாதம்மா

கண்ணம்மா,

நேத்து நீ போன் பண்ணதுலேருந்து அந்த ஸ்னோபுளோயர், அதான் வாசல் பனிய வாரி வீசுற மெஷின், அது நெனப்பாவே இருக்கேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துட்டு "இது ஓல்டு மாடல், தள்ளி விட்டுட்டு புதுசு வாங்குங்க"ன்னு சொன்னாராம், நீயும் சரிதானோன்னு யோசிக்கிற. போன்ல சொன்னா பாதி உன் காதுல விழும், மீதி உன் பையன் போடுற கூச்சல்ல போயிடும், அதான் உக்காந்து டைப் பண்றேன். பனி விழ இன்னும் கொஞ்ச நாள் இருக்கு, ஒரு சனி ஞாயிறு ஒதுக்கினா போதும். மாப்பிள்ளைய எதிர்பார்க்காத, அவர் நல்ல மனுஷன்தான், ஆனா ஸ்பேனர் புடிக்கிற கை இல்ல. நீ சின்ன வயசுல என் கூடவே நின்னு பார்த்தவ, உனக்கு வரும்.

அந்த இன்ஜின் வருஷத்துக்கு எத்தன மணி நேரம் ஓடுது சொல்லு, பனி கொட்டுற நாள்ல கொஞ்ச நேரம், அவ்ளோதான். அதுக்கு ஒண்ணும் ஆகல. வயசாகுறது மூணு எடத்துலதான், ரப்பர் இருக்குற எடம், பெட்ரோல் போற வழி, துரு புடிக்கிற எடம். இந்த மூணையும் பார்த்துட்டா இன்னும் பல வருஷம் ஓடும், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரே நம்ம வாசல்ல வந்து கேப்பார்.

எதுல கைய வைக்கிறதுக்கு முன்னாடியும் ஸ்பார்க் பிளக் வயர கழட்டி ஓரமா வெச்சிடு. இத மட்டும் மறக்காத.

மொதல்ல பெட்ரோல். போன சீசன் முடிஞ்சு டேங்க காலி பண்ணியான்னு கேட்டதுக்கு நீ பேச்ச மாத்துன, அப்பவே புரிஞ்சிடுச்சு. இப்ப வர்ற பெட்ரோல்ல 10 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்திருக்கும், அது காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், ரொம்ப நாள் நின்னா தண்ணி தனியா பிரிஞ்சு அடியில தங்கிடும், பெட்ரோலும் பிசுபிசுன்னு பிசினாயிடும். அதனால டேங்க்ல இருக்குறது மொத்தத்தையும் வெளிய எடுத்துட்டு புதுசு ஊத்து, ஊத்தும்போதே ஸ்டெபிலைசர், அதான் பெட்ரோல் கெடாம இருக்க ஊத்துற மருந்து, கலந்துடு. டேங்க்லேருந்து கார்புரேட்டருக்கு (பெட்ரோலையும் காத்தையும் கலக்குறது அதுதான்) போற ரப்பர் ஹோஸ வளைச்சு பாரு, வெடிப்பு தெரிஞ்சா மாத்திடு. பிரைமர் பட்டன், அதான் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி நாம அமுக்குற அந்த ரப்பர் குமிழ், அதுவும் கீறல் விட்டிருந்தா மாத்திடணும், ரெண்டுமே சல்லிசான சாமான்.

சோக், அதான் ஸ்டார்ட் பண்றப்ப காத்த கொறைக்கிற லீவர், அத போட்டா ஓடுது, எடுத்தா நின்னுடுதுன்னு சொன்னியே, அது கார்புரேட்டர் அடைப்பு, பெரும்பாலும் அதேதான். பெட்ரோல் வால்வ மூடிட்டு, கார்புரேட்டருக்கு கீழ தொங்குற கிண்ணத்த பாரு, நடுவுல ஒரே ஒரு போல்ட் இருக்கும், அடியில ஒரு டப்பாவ வெச்சுட்டு அத மெதுவா கழட்டு. கிண்ணத்துக்குள்ள பச்சையாவோ பழுப்பாவோ படிஞ்சிருக்கும், பழைய வார்னிஷ் மாதிரி ஒரு நாத்தம் வரும். நம்ம மெஷின்ல இருக்குறது டெகம்சே இன்ஜின், அதுல நெறைய மாடல்ல அந்த போல்ட்டேதான் ஜெட், அதான் பெட்ரோல அளந்து விடுற துண்டு, அத வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு பார்த்தா பக்கவாட்டுல ஒரு ஓட்டை, திரெட்டுக்கு மேல கண்ணுக்கே தெரியாத மாதிரி இன்னொரு பொடி ஓட்டை இருக்கும், அந்த பொடி ஓட்டை அடைச்சாதான் இந்த சோக் தொந்தரவு. கரன்ட் வயர உரிச்சு உள்ள இருக்குற செம்புக் கம்பியில ஒரே ஒரு இழை எடுத்து குத்து, ஊசியோ இரும்புக் கம்பியோ வேணாம், ஓட்டை பெருசாயிடும், அப்புறம் பெட்ரோல் கூட குடிக்கும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேய அடிச்சு, கண்ணாடி போட்டுக்கிட்டு அடி, தெறிச்சா கண்ணு எரியும், அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுற வரைக்கும் விடாத. டெகம்சே கம்பெனி 2008 கடைசியிலேயே இன்ஜின் தயாரிக்கிறத நிறுத்திட்டாங்க, ஆனா கார்புரேட்டர் முழுசாவே வேற கம்பெனிக்காரங்க செஞ்சு விக்கிறாங்க, இன்ஜின் மேல குத்தியிருக்குற மாடல் நம்பர வெச்சு தேடினா கெடைக்கும். கிளீன் பண்ணியும் சரியாகலன்னா புதுச மாட்டிட்டு போயிட்டே இரு.

ஏர் ஃபில்டர் எங்கன்னு தேடி நேரத்த வீணாக்காத, இதுல கெடையாது. பனிக்காலத்துல தூசி இல்ல, ஃபில்டர் இருந்தா அதுல பனி ஒட்டி ஐஸாகி மூச்சு அடைச்சிடும், அதனாலதான் வைக்கல.

இப்ப முக்கியமான வேல, ஷியர் பின். முன்னாடி பனிய வாரி உள்ள இழுத்துக்கிட்டு சுத்துற திருகு, அதான் ஆகர், அதுல ரெண்டு பக்கமும் குறுக்கால ஒரு பின் போகும் பாரு, அது வேணும்னே மிருதுவான இரும்புல செஞ்சது. கல்லோ ஐஸ் கட்டியோ மாட்டினா அது ஒடஞ்சு ஆகர விட்டுடும், நடுவுல இருக்குற கியர்பாக்ஸ் தப்பிச்சிடும். முன்ன ஒரு எடத்துல சர்வீஸுக்கு விட்டப்ப, பின் அடிக்கடி ஒடயுதேன்னு ஒரு முரட்டு போல்ட்ட போட்டு திருப்பிக் கொடுத்துட்டாங்க, நான் பார்த்து அன்னைக்கே கழட்டிட்டேன், இல்லன்னா கியர் பல்லு மொத்தமும் போயிருக்கும், புது கியர்பாக்ஸ் வாங்குறதுக்கு பதிலா மெஷினே வாங்கிடலாம். அதனால பின் ஒடஞ்சா கடையில கெடைக்கிற ஏதோ ஒரு போல்ட்ட எடுத்து போடாத, மாடல் நம்பர் சொல்லி அதுக்குண்டான பின் மட்டும் வாங்கு, நாலஞ்சு கூடவே வாங்கி ஹேண்டில் கிட்ட ஒரு பையில போட்டு கட்டிடு, இதெல்லாம் ராத்திரியில பனி கொட்டும்போதுதான் ஒடயும்.

ஆனா பழைய மெஷின்ல பின் மட்டும் நல்லா இருந்தா பத்தாது. ஆகருக்கும் உள்ள போற ஷாஃப்டுக்கும் நடுவுல துரு ஏறி ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிச்சுன்னா பின் ஒடஞ்சும் பிரயோஜனம் இல்ல, அடி நேரா கியர்பாக்ஸுக்கு போயிடும். அதனால ரெண்டு பின்னையும் கழட்டிட்டு ஆகர கையால சுத்திப் பாரு, கிளவுஸ் போட்டுக்க, ஷாஃப்ட் அப்படியே நிக்க ஆகர் மட்டும் சுத்தணும். சுத்தலன்னா ஓரத்துலயும் பின் ஓட்டை வழியாவும் துரு எண்ணெய அடிச்சு ராத்திரி முழுக்க ஊற விடு, அடுத்த நாள் முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டு, கொஞ்சம் கொஞ்சமா விடும். அப்புறம் கிரீஸ் கன்ன நிப்பிள்ல (கிரீஸ் உள்ள போற சின்ன மூக்கு) வெச்சு அடிச்சு ஆகர சுத்திக்கிட்டே இரு. பின்ன கழட்டாம கிரீஸ் அடிக்கிறவங்க உண்டு, அப்படி அடிச்சா அது ஒரே எடத்துலதான் நிக்கும், பரவாது. இந்த ஒரு வேலய வருஷா வருஷம் பண்ணினதாலதான் இது இன்னும் உயிரோட இருக்கு.

மெஷின் தானா நகர மாட்டேங்குது, தள்ள வேண்டியிருக்குன்னு வேற சொன்ன இல்ல. அது ஃப்ரிக்ஷன் டிஸ்க். புது பெட்ரோல் ஊத்துறதுக்கு முன்னாடி, டேங்க் காலியா இருக்கும்போதே மெஷின மூக்கு மேல நிக்க வெச்சு (இதுக்கு மாப்பிள்ளைய கூப்பிடு, வெயிட்டு), அடித்தகட்ட கழட்டினா உள்ள ஒரு அலுமினியத் தட்டு, அதுக்கு பக்கத்துல ஓரத்துல ரப்பர் கட்டின ஒரு சின்ன சக்கரம் தெரியும், அதான் அந்த டிஸ்க். ரப்பர் தேஞ்சு இரும்பு கிட்ட வந்திருந்தா மாத்து, விட்டா அந்த தட்டையும் அராவிடும். அங்க கிரீஸ் எண்ணெய் எதுவும் பட்டுடக்கூடாது, பட்டா வழுக்கும், ஸ்ப்ரே அடிக்கிறப்ப பார்த்து அடி. ரப்பர் நல்லா இருந்தும் நகரலன்னா கேபிள் லூசாயிருக்கும், டைட் பண்ணிடு. அப்படியே ரெண்டு பெல்ட்டையும் பாரு, ஒண்ணு ஆகருக்கு ஒண்ணு வீலுக்கு, வெடிச்சிருந்தாலோ பக்கவாட்டுல பளபளன்னு இருந்தாலோ அதுக்கு ஆயுசு முடிஞ்சது.

ஆயில் மாத்துறது உனக்கே தெரியும், இன்ஜின் கொஞ்சம் ஓடி சூடானதும் வடிச்சுட்டு 5டபிள்யூ-30 ஊத்து, டிப்ஸ்டிக் பார்த்து நிறுத்து. பிளக் கருப்பா புகை ஏறியிருந்தா புதுசு போடு, பிளக் நுனியில இருக்குற இடைவெளி 0.030 இன்ச். டயர் காத்து ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கட்டும், இல்லன்னா ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே போகும், எவ்ளோன்னு டயர் மேலயே போட்டிருக்கும். வீல ஒரு தடவ கழட்டி ஆக்ஸில்ல கிரீஸ் தடவி மாட்டு. கீழ ரெண்டு ஓரத்துலயும் தரையில உரசிக்கிட்டு போற ஸ்கிட் ஷூ ஒரு பக்கம் தேஞ்சிருந்தா பல மெஷின்ல திருப்பிப் போடலாம், நம்மளோடதுலயும் முடியும். உங்க டிரைவ்வே தளம் போட்டதுதானே, ஸ்கிரேப்பர், அதான் அடியில பனிய சுரண்டுற பட்டை, தரையிலேருந்து ஒரு 3 மில்லிமீட்டர் ஒசந்து இருந்தா போதும், அடியில அட்டைய வெச்சு ஷூவ டைட் பண்ணு, சரியா நிக்கும்.

பனி வெளிய பறக்குற குழா, அதான் ஷூட், அதுக்குள்ள சிலிகான் ஸ்ப்ரே அடிச்சுடு, ஈரப்பனி அவ்ளோவா ஒட்டாது. ஒட்டினாலும் கைய விட்டுடாத கண்ணு. இன்ஜின ஆஃப் பண்ணிட்டாலும் உள்ள பனி இறுக்கிப் புடிச்சிட்டு இருக்குற பிளேடு அடைப்பு விட்டதும் சட்டுன்னு ஒரு சுத்து சுத்தும், விரல் போனவங்க நெறைய பேரு அப்படித்தான். குச்சி இருக்கு, அதால குத்து. அம்மா இத பெரிய எழுத்துல எழுத சொல்றா, எனக்கு இந்த போன்ல பெருசாக்க தெரியல.

எல்லாம் மாட்டினதும் ஸ்டார்ட் பண்ணிப் பாரு, கராஜுக்குள்ள வேணாம், கதவு தெறந்திருந்தாலும் அந்த புகை ஆபத்து, வெளிய தள்ளிட்டு போயி பண்ணு. ஆகர் லீவர புடிச்சுட்டு விடு, விட்டதும் 5 செகண்டுக்குள்ள நிக்கணும், நிக்காம சுத்திக்கிட்டே இருந்தா ஓட்டாத, கேபிளையோ பெல்ட் பிரேக்கையோ அட்ஜஸ்ட் பண்ணணும், அத போன்லயே சொல்றேன். ஓடுறத வீடியோ எடுத்து அனுப்பு, சோக்க எடுத்ததுக்கு அப்புறம் ஓடுற சத்தம் வேணும், அதுக்கு முன்னாடி இல்ல. உன் பையன அந்த நேரத்துல உள்ள வெச்சிரு.

அப்பா

பி.கு. ஸ்டார்ட் ஆகலன்னா மொதல்ல அந்த சின்ன பிளாஸ்டிக் சாவி முழுசா உள்ள அமுங்கியிருக்கான்னு பாரு. அது இல்லன்னா என்ன இழுத்தாலும் ஸ்பார்க் வராது. ஒண்ணு கூடுதலா வாங்கி ஆணியில மாட்டி வை, உன் பையன் கைக்கு எட்டாத ஒசரத்துல.