ஏழூர் பல்லக்கு பின்னாடி போன கதை

அடியே, எப்படி இருக்க, முட்டி வலி தேவலையா? ஏழூருக்கு நடந்தே போனியான்னு நீ கேட்டு எழுதுனதுக்கு உடனே பதில் போடணும்னு தான் இருந்தேன், திருவையாத்துலேந்து சாமி பல்லக்கு ஏழு ஊரு கோயிலயும் சுத்தி வர்ற அந்தத் திருவிழா முடிஞ்சு கால் வீங்கிப் போயி கெடந்தேன், அதான் லேட்டு. ஆமாண்டி, இந்த வருசம் பல்லக்கு பின்னாடி நடந்தே போனேன், எங்க நாத்தனாரும் கூட வந்தா. இப்பல்லாம் பாதி சனம் பைக்லயும் கார்லயும் போயி ஏழு கோயிலயும் பாத்துட்டு மத்தியானத்துக்குள்ள வீட்டுக்கு வந்துருது, அப்படி போறதுக்கு எந்த மாசம் போனா என்ன, இதுக்கு எதுக்கு ஒரு திருவிழா?

கதை உனக்கு தெரியும்ல, பங்குனில திருமழபாடில நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம், அதுக்கு சோத்துத்துறையிலேந்து சாப்பாடு, பழனத்துலேந்து பழம், பூந்துருத்திலேந்து பூ, தில்லைஸ்தானத்துலேந்து நெய்யின்னு சுத்துப்பட்டு ஊரெல்லாம் செஞ்சிருக்கு. அதுக்கு நன்றி சொல்ல திருவையாத்து சாமி ஐயாறப்பரே சித்திரைல பொண்ணு மாப்பிள்ளய கூட்டிக்கிட்டு ஊர் ஊரா வர்றாரு. நம்ம வீட்டு கல்யாணத்துக்கு மொய் வச்சவங்கள நாம யாராச்சும் இப்படி தேடிப் போயி பாத்திருக்கோமா சொல்லு.

சாமி கண்ணாடி பல்லக்குல, நந்தி வெட்டிவேர் பல்லக்குல. நான் வெட்டிவேருக்கு பின்னாடியே ஒட்டிக்கிட்டேன், யாரோ தண்ணி தெளிச்சாங்க, காத்து அடிக்கிறப்பல்லாம் அந்த வாசன மூஞ்சில வந்து விழுது, வெயிலே தெரியல. அதெல்லாம் பழனம் வரைக்கும் தான். அப்பறம் ஆத்துல எறங்கணும் பாரு, செருப்பு இல்லாம அந்த மணல்ல, யம்மா! சித்திரைல காவிரில ஏது தண்ணி, மேட்டூர் தொறக்கறதே ஜூன் 12ன்னு கணக்கு, அதுவும் எல்லா வருசமும் கெடையாது. ஆறு காஞ்சு கெடக்குன்னு எப்பவும் பொலம்புவேன், அன்னிக்கு தான் தோணுச்சு, தண்ணி ஓடுனா பல்லக்கு எப்படி எறங்கி அக்கரைக்கு போகும், இந்த மாசத்த பாத்து தான் வச்சிருக்காங்க போலன்னு.

சோத்துத்துறைல சாப்பிடாம விடமாட்டாங்க, புளியோதரையும் நீர்மோரும் வாங்கிக்கிட்டு ஒரு திண்ணைல உக்காந்தோம். வேதிகுடி வழியில வாழைக்கொல்லை ஓரமா நெழல், கண்டியூர் ஒரே கூட்டம், தள்ளுமுள்ளு, அத விடு.

பல்லக்கு தூக்குறவங்கள தான் உனக்கு சொல்லணும். பூந்துருத்தி கிட்ட போறப்ப பக்கத்துலேந்து பாத்தேன், ஒரு பெரியவருக்கு தோள்ல எலுமிச்சங்கா அளவுக்கு காச்சுப் போயி மேடா இருக்கு, துண்ட மடிச்சு அது மேல வச்சுக்கிட்டு தண்டுல முட்டு குடுக்குறாரு, தோள் மாத்துறப்ப நடை ஒரு செகண்டு கூட நிக்கல, முன்னாடி ஒருத்தர் கொரல் குடுக்குறாரு, எல்லாரும் ஒரே நேரத்துல மாறிடுறாங்க. அதே ஊர்ல தான் அப்பர் கூட்டத்தோட கூட்டமா பூந்து சம்பந்தரோட பல்லக்க சொமந்தாருன்னு பெரியபுராணத்துல வருது, அவ்ளோ வயசான மனுசன், அந்த சின்னப் புள்ளய! எத்தனையோ தடவ கேட்ட கதை, ஆனா அந்த பெரியவர் தோளப் பாத்தப்பறம் தான் அது எனக்கு கதையா படல.

ராத்திரி தில்லைஸ்தானத்துல ஏழு ஊர் சாமி பல்லக்கும் ஒண்ணா சேந்தப்பறம் வாணவேடிக்கை விட்டாங்க, நான் பாதி தூக்கத்துல இருந்தேன். மறுநா திருவையாத்துல பொம்மை சாமிக்கு பூப்போடுறத பாக்க போகவே முடியல, நாத்தனார் பையன் போன்ல எடுத்தது தான் பாத்தேன், அனுப்பி வைக்கிறேன்.

அடுத்த சித்திரைக்கு வாடி. உன் முட்டிக்கு முழுசும் வேணாம், தஞ்சாவூர்லேந்து கண்டியூருக்கு டவுன் பஸ் இருக்கு, அங்க வந்து சேந்துக்க, பூந்துருத்தி வரைக்கும் மெல்லமா நடப்போம். பொண்ணுக்கு டெலிவரி தேதி என்னைக்கு குடுத்துருக்காங்க, அத எழுதவே இல்லியே நீ?