செருகியவை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தரங்கம்பாடி அச்சகம் பற்றிய ஞாயிறு கட்டுரையில், தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலான நூல்களைக் கத்தோலிக்கர் பின்னாளில் பைபிளில் 'செருகிக்கொண்டவை' என்று எழுதியிருந்தது வருத்தம் தந்தது. 1546-இல் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம் அவற்றை உறுதிசெய்தது, சரி. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவை கிரேக்க பைபிளில் இருந்தன. கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்து சீர்திருத்த சபைகளுக்கு வழிவகுத்த லூத்தர்கூட 1534-இல் தன் ஜெர்மன் பைபிளில் அவற்றைத் தூக்கி எறியவில்லை; திருமறைக்குச் சமமல்ல, ஆனால் படிக்க நல்லவை என்று தனிப் பகுதியாகச் சேர்த்தார். அவ்வளவு ஏன், லூத்தர் வழிவந்த லுத்தரன் சபை மிஷனரி சூல்ச்சே தரங்கம்பாடியில் இவற்றைத் தமிழில் அச்சிட்டிருக்கிறார், 1728-இல்!

மயிலாடுதுறையில் எங்கள் பெரியம்மாவின் அடக்கத்தன்று இந்நூல்களுள் ஒன்றான சாலமோனின் ஞானம் மூன்றாம் அதிகாரம் வாசித்தார்கள். நீதிமான்களின் ஆன்மா கடவுளின் கையில் இருக்கிறது என்னும் பகுதி. லுத்தரன் சபையில் வாழ்க்கைப்பட்ட சித்தி தன் பைபிளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதில் இந்நூல்கள் இல்லாத 66 நூல்கள்தானே! அப்புறம் என் புத்தகத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி கூடவே வாசித்தார். இனி இந்நூல்களைக் குறிப்பிடும்போது, கத்தோலிக்கர் சொல்லும் 'இணைத்திருமுறை', மற்ற சபையார் சொல்லும் 'தள்ளுபடி ஆகமம்' என்ற இரு பெயர்களையும் சேர்த்தே அச்சிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், பொறையாறு